எத்தனை நாளாச்சு?

மார்பில் கட்டி இருக்கிறது என்று ஒரு பெண் வந்து சொன்னால், நான் முதலில் கேட்பது, "எத்தனை நாளாச்சும்மா?" என்றுதான். யாரும் தேதி சொல்லமாட்டார்கள். "மல்லாட்டை போட்டப்ப சின்னதா இருந்துச்சு நர்சம்மா" என்பார் ஒருவர். "தீபத்துக்கு மலைக்குப் போய்ட்டு வந்தேனே, அதுக்கும் முன்னாடி" என்பார் இன்னொருவர். "பேத்திக்கு மஞ்சத்தண்ணி ஊத்துன அன்னிக்கு, குளிக்கும்போது கையில பட்டுச்சு" என்று மூன்றாவது பெண் சொல்வார். இந்தப் பதில்களை மாதமாக மாற்றி நோட்டில் எழுதுவது என் வேலை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டது ஆடியில். பிடுங்கி, உடைத்து, விற்றுக் கடனை அடைத்துவிட்டு மார்கழியில் என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், ஐந்து மாதம்.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் போனது. தடுப்பூசி, பிரசவத் தேதி, இரும்புச்சத்து மாத்திரை என்றுதான் ஊர் என்னை அறியும். 2012ஐ ஒட்டித் தமிழ்நாடு முழுவதும் தொற்றா நோய்த் திட்டம் விரிந்தபோது, சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு கருப்பை வாய்ப் புற்றும் மார்பகப் புற்றும் எங்கள் பேச்சில் வந்து சேர்ந்தன. முப்பது வயதைத் தாண்டிய பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வர வேண்டும். சந்தேகம் இருந்தால் திருவண்ணாமலைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியவர் போனாரா, போனவர் சிகிச்சையை முடித்தாரா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது எந்தப் படிவத்திலும் பெரிய கட்டமாக இல்லை. ஆனால் ஒரு பெண் பிழைப்பதும் பிழைக்காததும் அதில்தான் இருக்கிறது என்பதைப் போகப் போகக் கண்டேன்.

கையால் பார்ப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நடு மூன்று விரல்களின் நுனிச் சதைதான் கருவி. பெண்ணைப் படுக்க வைத்து, பார்க்கிற பக்கத்துக் கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்ல வேண்டும். காறை எலும்பில் தொடங்கி மார்பின் அடிமடிப்பு வரைக்கும், நடு நெஞ்செலும்பிலிருந்து அக்குள் வரைக்கும் ஓர் இடம் விடாமல், சின்னச் சின்ன வட்டமாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு விலா எலும்பு தட்டுப்படும் வரைக்கும். அக்குளை அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது. நெறி கட்டியிருந்தால் அங்கேதான் தெரியும். காம்பு உள்ளிழுத்திருக்கிறதா, தோல் சுருங்கியோ தடித்தோ இருக்கிறதா, காம்பில் ரத்தம் கசிகிறதா என்று கண்ணாலும் பார்க்க வேண்டும். விரலுக்குப் பிடிகொடுக்காமல் நழுவுகிற கட்டிகள் பெரும்பாலும் சாதாரணமானவை. கெட்டியாக, ஓரம் கரடுமுரடாக, இருந்த இடத்திலேயே நிற்கிற கட்டிதான் எனக்குக் கவலை தரும். எதுவானாலும் விரல் தீர்ப்புச் சொல்லாது. ஸ்கேனும் சதைப் பரிசோதனையும்தான் சொல்லும். கட்டி என்று வருகிற பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

வெறும் கையால் பார்ப்பதில் என்ன பயன் என்று கேட்டவர்கள் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு அதற்குப் பதில் வைத்திருக்கிறது. 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான குடிசைப் பகுதிப் பெண்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பாதியினரை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். இருபது ஆண்டுப் பின்தொடரலுக்குப் பிறகு 2021இல் முடிவு வெளியானது. பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்கூட்டிய நிலையில் பிடிபட்டிருந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் மரணம் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்று மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. மேமோகிராம் இயந்திரம் எட்டாத ஊரில் எங்களைப் போன்றவர்களின் விரலுக்கு மதிப்பு உண்டு என்று அந்த ஆய்வு நிரூபித்தது. அதைப் படித்த நாளில் எனக்கு வந்த பெருமை சாதாரணமானதில்லை.

மார்பகப் புற்றிலிருந்து பிழைப்பதும் இனத்துக்கு இனம் மாறுகிறது என்ற பேச்சை நான் முதலில் கேட்டது ஒரு பயிற்சி வகுப்பில். வகுப்பெடுத்த மருத்துவர் மலேசியா, சிங்கப்பூர் கணக்கைச் சொன்னார். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள இரண்டு பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 1990 முதல் 2007 வரை சிகிச்சைக்கு வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரம் அது, 2012இல் வெளியானது. ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் சீனப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 76 பேர். இந்தியப் பெண்களில் 68. மலாய்ப் பெண்களில் 58 அல்லது 59. மலாய்ப் பெண்கள் முற்றிய நிலையில் வருவது அதிகம் என்பதையும், சிகிச்சை வேறுபாட்டையும் கணக்கில் கழித்த பிறகும் அவர்களுக்கு ஆபத்து கூடுதலாகவே நின்றது.

அங்கே "இந்தியர்" என்றால் பெரும்பாலும் தமிழர்தான். கங்காணிகள் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த மாவட்டங்களில் எங்கள் பழைய வட ஆற்காடும் ஒன்று. ஆகவே அந்த 68 என்ற எண் எனக்கு அந்நியமாகப் படவில்லை; எங்கள் ஊர்ப் பெண்களின் பேத்திகளையும் கொள்ளுப் பேத்திகளையும் எண்ணிய எண் அது. வகுப்பில் இருந்த ஒரு தங்கை எழுந்து, "அப்ப நம்ம ரத்தத்துலயே இருக்குதா சார்?" என்று கேட்டாள். மருத்துவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். அந்தக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தும் படிப்பிலிருந்தும் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உடலில் வேறுபாடு இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். மேலை நாடுகளைவிட நம் நாட்டில் இந்த நோய் பத்தாண்டு முன்னதாகவே, நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் அதிகம் வருகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் இல்லாத வகைக் கட்டி இங்கே கூடுதலாகக் காணப்படுகிறது. ஹார்மோன் மாத்திரை அந்த வகைக்குப் பலிக்காது, வளர்ச்சியும் வேகம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடமும் இந்த வகை வெள்ளையினப் பெண்களைப் போல இரண்டு மடங்கு. ஆனால் அமெரிக்கக் கணக்கையே இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு இனப் பெண்களின் மார்பகப் புற்று மரண விகிதமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. மேமோகிராமும் புதிய மருந்துகளும் வந்த பிறகுதான் இடைவெளி விழுந்தது. இன்று நோய் வருவது கறுப்பினப் பெண்களுக்குச் சற்றுக் குறைவு. சாவது ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். சில பத்தாண்டுகளில் ரத்தம் மாறிவிடாது. புது மருத்துவம் யார் வீட்டுக்கு முதலில் போனது, யார் வீட்டுக்குக் கடைசியில் போனது என்பதுதான் மாறியது.

இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் குடியேறிய தெற்காசியப் பெண்களை ஆராய்ந்தபோது, அவர்களுடைய பிழைப்பு மற்றப் பெண்களைவிடக் குறைவாக இல்லை. அங்கே மருத்துவம் எல்லோருக்கும் பொது. பணம் கட்ட வேண்டியதில்லை. நம் நாட்டுக்குள்ளும் இதையே பார்க்கலாம். 11 புற்றுநோய்ப் பதிவேடுகளைக் கொண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) செய்த ஆய்வு 2024இல் வந்தது. 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஐந்து ஆண்டுப் பிழைப்பு மொத்தத்தில் 66 சதவீதம். மிசோரமில் அது 75ஐ ஒட்டி இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் 42. இரண்டுமே வடகிழக்கு; இரண்டுமே பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் இடம். பழங்குடி என்ற ஒரே சொல்லால் இரண்டையும் விளக்கவே முடியாது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கு உண்டு. கட்டி மார்போடு நின்றிருக்கும்போது வந்தவர்களுக்குப் பிழைப்பு 81 சதவீதம். நெறிகளுக்குப் பரவிய பின் வந்தவர்களுக்கு 65. எலும்பு, நுரையீரல் என்று தூர உறுப்புகளுக்குப் போன பிறகு 18. எந்த இரண்டு இனங்களுக்கு இடையிலும் நான் இவ்வளவு பெரிய இடைவெளியைப் படித்ததில்லை. எண்பத்தொன்றிலிருந்து பதினெட்டுக்கு ஒரு பெண்ணை இறக்குவது காலதாமதம். அதைத்தான் நான் நோட்டில் மாதமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு வீடு வீடாகத் தெரியும்.

வலி இல்லாததுதான் முதல் காரணம். "வலிக்கவே இல்லியே நர்சம்மா, அதான் உட்டுட்டேன்" என்று எத்தனையோ பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரசவ வலியையும், தலைச்சுமையோடு வரப்பில் நடக்கிற கழுத்து வலியையும் தாங்கியவர்களுக்கு, வலிக்காத ஒன்று நோயாகவே தோன்றாது. அடுத்தது கூச்சம். ஆண் மருத்துவரிடம் சட்டையைக் கழற்ற வேண்டுமே என்பதற்காகவே ஒரு வருடம் தள்ளியவர்கள் உண்டு. பிறகு, கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம். அதற்கு ஊரில் எப்போதும் ஒரு சாட்சி இருப்பார்: "அவங்க நல்லாத்தான் இருந்தாங்க, ஆப்ரேசன் பண்ண அப்புறந்தான் செத்தாங்க." அவர் முற்றிய பிறகு போனவர் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பயத்தில் பச்சிலைக் கட்டு போட்டு, கட்டி உடைந்து புண்ணாகி நாற்றம் எடுத்த பிறகு வந்தவர்களின் காயத்தை நான் கழுவியிருக்கிறேன்.

எல்லாத் தாமதமும் பெண்களால் வருவதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா கட்டியைக் கண்ட வாரமே தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனார். அங்கே கட்டியை மட்டும் அகற்றித் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. எட்டு மாதம் கழித்து அதே இடத்தில் திரும்ப வந்தபோது நெறியும் கட்டியிருந்தது. செய்ய வேண்டியதை எல்லாம் அவர் சரியாகத்தான் செய்தார். மார்பிலிருந்து எடுக்கிற எந்தச் சதையும் நுண்ணோக்கியின் கீழ் போகாமல் குப்பைக்குப் போகக் கூடாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவைக்க ஆரம்பித்தேன்: "ரிப்போர்ட் எங்கன்னு கேளுங்க. குடுக்காம வராதீங்க."

மாடும் ஒரு காரணம். பால் சொசைட்டிக்குக் காலையிலும் மாலையிலும் ஊற்றுகிற வீட்டில், கறவை மாட்டை விட்டுவிட்டு அந்தப் பெண் எங்கே போவார்? திருவண்ணாமலை இருபது கிலோமீட்டர். அரைநாளில் போய்த் திரும்பலாம். அங்கே சோதனையில் உறுதியானால், கரண்டு (கதிர்வீச்சு) வைக்கவும் மருந்து ஏற்றவும் எந்த ஊர் என்று முடிவாக வேண்டும். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா மருத்துவமனை, இல்லாவிட்டால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. கரண்டு வைப்பது ஒருநாள் வேலையில்லை. வாரத்துக்கு ஐந்து நாளாக மூன்று வாரத்திலிருந்து ஆறு வாரம் வரைக்கும் ஆகும். அடையாறில் தங்க யார் இருக்கிறார்கள்? துணைக்கு யார் போவது? அவருக்குப் போகும் கூலி எவ்வளவு? மருத்துவர் "சிகிச்சை இலவசம்" என்று சொல்லும்போது, அந்த வீடு இந்தக் கணக்கைத்தான் மனதுக்குள் போட்டுக்கொண்டிருக்கும். அறுவை முடிந்ததும் மருந்து ஏற்றாமல் திரும்பியவர்கள், இரண்டு முறை மருந்து ஏற்றி முடி கொட்டியதும் நின்றவர்கள் என்று பலரைத் தேடிப் போயிருக்கிறேன். அடுத்த தேதி எது, அந்த நாளில் மாட்டை யார் பார்ப்பார், பேருந்துக் காசு யார் கொடுப்பார் என்று மாமியார், ஓர்ப்படி, மகன் எல்லாரையும் திண்ணையில் உட்கார வைத்துப் பேசி முடிவெடுத்த வீடுகளில் சிகிச்சை பெரும்பாலும் முடிந்தது.

ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டிக்காரர்களுக்கு இன்னொரு நீண்ட சாலை இருக்கிறது. டாமாக்சிஃபென் மாத்திரை தினம் ஒன்று, குறைந்தது ஐந்து ஆண்டு. விலை குறைவு, அரசு மருத்துவமனையில் இலவசம். ஐந்து ஆண்டு ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு அந்த நோயால் சாகும் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் உடம்பு நன்றாக இருக்கும்போது எதற்கு மாத்திரை என்று இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிடுவார்கள். ஆகவே குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிற வீட்டில் பாட்டியின் மாத்திரை அட்டையையும் வாங்கிப் பார்ப்பது எனக்கு வழக்கமானது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு, சர்க்கரை மாத்திரை கொண்டுபோகிற பெண்களிடமும் இதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

இனத்தைப் பற்றிய என் முடிவு திடமானது ஓர் இருளர் பெண்ணால்தான். ஏரிக்கரையை ஒட்டிய குடியிருப்பு. குடும்பமே முன்பணம் வாங்கிக்கொண்டு வெளியூர்ச் செங்கல் சூளைக்குப் போயிருந்தது. கட்டி அங்கேதான் கையில் பட்டது. பணம் கழியாமல் சூளையை விட்டு வர முடியாது. மழைக்குச் சூளை நின்று அவர்கள் ஊர் திரும்பியபோது, கட்டி தோலைப் பிடித்திருந்தது. அன்றே திருவண்ணாமலைக்கு அழைத்துப் போனேன். சோதனை முடிந்து, காப்பீட்டு அட்டை கேட்டார்கள். அட்டைக்கு ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். ரேஷன் கார்டே இல்லை. ஒரே முகவரியில் அவர்கள் நிலையாக இருந்ததில்லை. கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம், திங்கள்கிழமை கலெக்டர் மனு என்று அலைந்தோம். தாள்கள் கைக்கு வந்து, மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கி, அறுவை செய்து, கரண்டும் வைத்து அவர் திரும்பினார். மகள் கல்யாணத்தைப் பார்த்தார். பிறகு நோய் எலும்பில் வந்தது, இறந்துபோனார்.

ஒரு பதிவேட்டில் அவர் பெயர் ஏறினால், பழங்குடி, மூன்றாம் நிலை, இறப்பு என்று மூன்று கட்டம் நிரம்பும். சூளை முன்பணத்துக்கும், கிடைக்காத ரேஷன் கார்டுக்கும் அதில் கட்டம் இல்லை. பிறகு ஒரு நாள் யாராவது கூட்டிப் பார்த்து, இந்த இனத்தில் பிழைப்பு குறைவு என்று எழுதுவார்கள். எழுதியது உண்மையாகத்தான் இருக்கும். அதைப் படிக்கிறவர் ரத்தத்தில் காரணம் தேடினால், அந்தப் பெண்ணுக்கு நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாமலே போகும். இனவாரிக் கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் யார் பின்தங்குகிறார்கள் என்பதே தெரியாது. பின்தங்கியவர்கள் யார் என்று தெரிந்ததும், அவர்கள் வாசலுக்கு முதலில் போக வேண்டும், அதற்காகத்தான் கணக்கு.

அடையாறு மருத்துவமனையின் கதையை ஊர்ப் பெண்களிடம் அடிக்கடி சொல்வேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் விதி என்று விட்டுவிடவில்லை. அரசிடமும் மக்களிடமும் கேட்டுக் கேட்டு 1954இல் அந்த மருத்துவமனையைத் திறந்தார். மறு ஆண்டே அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் கண்மூடும் வரை அதையே வீடாகக் கொண்டார். பணமில்லாதவருக்கும் அதே சிகிச்சை என்பதுதான் அவர்கள் பிடிவாதம். தமிழ்நாட்டில் இந்த வழியைப் பெண்கள் எழுபது ஆண்டுக்கு முன்பே திறந்துவைத்துவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரின் கடைசித் தெருவிலிருந்து அந்த வாசல் வரை ஒரு பெண்ணைச் சீக்கிரம் கொண்டுசேர்ப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.

பயிற்சி வகுப்பில் எழுந்து கேட்ட அந்தத் தங்கையின் கேள்விக்கு என் பதில் இது. நம் உடலில் நோய் கொஞ்சம் முன்னதாக, கொஞ்சம் வேகமாக வரலாம். அப்படியானால் நாம் மற்றவர்களைவிட முன்னதாகவும் வேகமாகவும் கிளம்ப வேண்டும். அதற்கு மேல் ரத்தத்தின் மேல் பழி போட ஒன்றுமில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது சில. முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பைக் காட்டிக்கொள்ளுங்கள். பார்ப்பவர் பெண் செவிலியர்தான், காசு கிடையாது. கட்டி வலிக்காவிட்டால் அதற்காகவே உடனே போங்கள். மகன்களும் கணவர்களும், வீட்டுப் பெண் கட்டி என்று வாயெடுத்தால், அறுவடை முடியட்டும் என்று சொல்லாதீர்கள். மறுநாள் காலைப் பேருந்தில் கூடவே ஏறுங்கள். அதிகாரத்தில் இருப்பவர்கள், சான்றிதழ் வரும் வரை சிகிச்சையை நிறுத்தி வைக்காமல், சிகிச்சையைத் தொடங்கிவிட்டுச் சான்றிதழைத் தேடிக் கொடுங்கள். இவ்வளவையும் செய்த பிறகும் இனத்துக்கு இனம் பிழைப்பில் வித்தியாசம் மிஞ்சினால், அப்போது ரத்தத்தை ஆராயலாம்.